கால் அங்குல ஓட்டையின்ர கதை

எங்கட வீட்டு அலுமாரியில ஒரு பழைய பிஸ்கட் ரின் இருக்கு. அதுக்குள்ள ஒன்பது கசெற். எட்டிலயும் சினிமாப் பாட்டு. ஒன்பதாவதில அம்மப்பா கதைக்கிறார்.

1993ஆம் ஆண்டு, ஜேர்மனியில் இருந்த மாமாவுக்கு அனுப்புவதற்காகப் பதிந்த கடிதம் அது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வெளியில் கடிதம் போவது லேசான காரியமில்லை. கிளாலிக் கடலேரியைக் கடந்து கொழும்புக்குப் போகவிருந்த தெரிந்தவர் ஒருவரிடம் குடுத்துவிடுவதாக ஏற்பாடு. அவர் போகவில்லை, கசெற்றும் போகவில்லை. நான் பிறப்பதற்கு முன்னமே அம்மப்பா மோசம் போய்விட்டார். ஆகவே அவருடைய குரல் என்று உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு பக்கம், இருபது நிமிசம் சொச்சம் மட்டும்தான்.

போன முறை கம்பஸ் லீவுக்கு வீட்டை போனபோது, பக்கத்து வீட்டில் ஒரு கசெற் பிளேயர் இரவல் வாங்கி அதை லப்டொப்பில் பதிந்து பார்த்தேன். இடையில் பாவித்தது ஒரு கடையில் வாங்கின விரல் நீள யூ.எஸ்.பி சவுண்ட் கார்ட். போர்வைக்குள்ள இருந்து யாரோ முனகுகிற மாதிரித்தான் குரல் வந்தது. பின்னால ஒரு இரைச்சல், ஏறி இறங்கி. எல்லாத்தையும் விட விசித்திரம் ஒன்று: இடையிடையே அம்மப்பாவின்ர குரல் மெலிந்து, வேகமாகி, சின்னப்பிள்ளை கதைப்பது போல ஆகி, திரும்பப் பழையபடி வந்தது.

சாமான் சரியில்லை என்று நினைத்தேன். அப்படித்தான் ஒரு ஒடியோ இன்டர்பேஸும் ஹெட்போன் அம்பும் தேடத் தொடங்கினது.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இன்டர்பேஸ் என்பது மைக்கில் இருந்தோ பிளேயரில் இருந்தோ வருகிற மின்னலையை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பி, கணினியில் இருந்து வருகிற எண்களைத் திரும்பச் சத்தமாக்கித் தருகிற பெட்டி. ஹெட்போன் அம்ப் என்பது அந்தச் சத்தத்தை உங்கட காதுக்குப் போதுமான பலத்தோட தள்ளுகிற பெட்டி. இரண்டும் மேசையில் ஒரு புத்தகத்தின் இடத்தைத்தான் பிடிக்கும். ஆனால் விலை? 2022 மார்ச் தொடக்கத்தில 200 ரூபாவோட நின்ற டொலர் மே மாதத்தில 360ஐத் தொட்ட நாடு இது. பிழையான பெட்டியை வாங்கிவிட்டு "பரவாயில்ல, அடுத்தது நல்லதா எடுப்பம்" என்று சொல்லுகிற நிலையில் எங்கட பச்சில ஒருத்தரும் இல்லை.

விமர்சனங்களைப் பார்த்தால் எல்லாரும் 'வெதுவெதுப்பான' சத்தம், 'திறந்த' சத்தம் என்று கதைக்கினம். ஒன்றும் விளங்கேல்ல. நான் படிக்கிறது வரலாறு. ஒரு விசயம் விளங்காவிட்டால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. பெட்டியின்ர முன்பக்கத்தில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையையும் பிடித்துக்கொண்டு பின்னால போய்ப் பார்த்தேன்.

ஹெட்போன் குத்துகிற பெரிய ஓட்டை, கால் அங்குலம், 6.35 மில்லிமீற்றர். அது சங்கீதத்துக்காகச் செய்யப்பட்டதே இல்லை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குரியது. 1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதலாவது வணிக எக்ஸ்சேஞ்ச் தொடங்கியது. தொடக்கத்தில் லைன்களை இணைக்கப் பொடியன்களைத்தான் வேலைக்கு வைத்தார்கள். பொடியன்கள் வாடிக்கையாளரைத் திட்டினார்கள். அதே வருசம் செப்டெம்பரில் பொஸ்டனில் எம்மா நட் என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அது பெண்களின் தொழிலாகவே ஆகியது. ஒரு கையால் பிளக்கை இழுத்து மற்ற லைனில் குத்துவது, நாள் முழுக்க. அந்தக் குத்தலைத் தாங்குவதற்காக உருவானதுதான் இந்த பிளக்கின்ர வடிவம். 'ஜக்' என்ற பெயர் கூட சார்ள்ஸ் ஸ்க்ரிப்னர் என்ற பொறியியலாளரின் சுவிட்ச், மடக்குக் கத்தி மாதிரி இருந்ததால் வந்தது. ஆங்கிலத்தில் மடக்குக் கத்திக்கு ஜக் நைஃப் என்று பெயர். நூற்று நாற்பது வருசத்துக்குப் பிறகும் கிட்டாரில், அம்பில், இன்டர்பேஸில் அதே பிளக்.

கைகள் இரண்டும் வேலையில் இருந்தால் காதுக் குழலை எப்படிப் பிடிப்பது? அதனால்தான் அது தலைக்கு ஏறியது. ஆனால் இன்றைக்கு நாங்கள் காண்கிற மாதிரி இரண்டு காதுக்கும் ஒரு வில் வளையத்தோட வந்த ஹெட்போனுக்கு இன்னொரு ஆளை நினைக்க வேண்டும்: அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து நத்தானியல் போல்ட்வின். 1910இல் இவர் அமெரிக்கக் கடற்படைக்கு ஒரு கடிதமும், கூடவே சோதித்துப் பார்க்க ஒரு சோடி ஹெட்போனும் அனுப்பினார். கடற்படைக்காரர் அரைமனதோடதான் சோதித்தார்கள். கப்பல் வயர்லெஸில் அதுவரை பாவித்ததை விட மிகவும் துல்லியமாகக் கேட்டது. நிறைய வேண்டும் என்று கேட்டபோது வந்த பதில்தான் எனக்குப் பிடித்தது: ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் செய்ய ஏலாது, ஏனென்றால் அவர் செய்வது வீட்டுக் குசினியில். பிறகு முதலாம் உலக யுத்தம் வந்து தொழிற்சாலை கட்டினார், பணக்காரரானார், 1924இல் எல்லாம் போய் வங்குரோத்தானார். அது வேற கதை.

நான் இதில் நின்று யோசித்தது என்னவென்றால், முதல் நல்ல ஹெட்போன் பாட்டுக் கேட்கிறதுக்குச் செய்யப்படவில்லை. இரைச்சலுக்குள் ஒரு மங்கலான சிக்னலைத் தேடிப் பிடிப்பதற்குச் செய்யப்பட்டது. எனக்கும் அதுதான் வேலை.

எங்கட தீவுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கு. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளராக இருந்த எட்வேர்ட் ஹார்ப்பர், 1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையில் இருந்து கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். ஒலிபரப்பியைக் கட்டியது பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வயர்லெஸ் சாமான்களில் இருந்து. 1925 டிசம்பரில் அது கொழும்பு வானொலியாக முறையாகத் தொடங்கியது. இலங்கை வானொலியைப் பற்றிக் கதைக்கிற எல்லாரும் ஐம்பதுகளின் பாட்டு நிகழ்ச்சிகளில் இருந்து தொடங்குவார்கள். எனக்கென்னவோ அந்த நீர்மூழ்கியில் இருந்து தொடங்கவேண்டும் போல இருக்கு. யுத்தத்தின்ர மிச்சச் சாமானைக் கழற்றி வேறொன்றுக்குப் பூட்டுவது எங்கட ஊர்ப் பழக்கம், அது 1923லயே இருந்திருக்கு.

ஓம் கணக்குக்கு வருவோம். ஹெட்போன் வாங்கப் போனால் 32 ஓம், 80 ஓம், 250 ஓம், 600 ஓம் என்று எழுதியிருக்கும். இந்த 600 எங்கிருந்து? அதுவும் டெலிபோன்தான். கம்பங்களில் இழுத்த பழைய டெலிபோன் கம்பிச் சோடியின் மின்தடை ஏறத்தாழ அந்த அளவு. வானொலி நிலையங்கள் தங்கட நிகழ்ச்சிகளை டெலிபோன் லைனால் அனுப்பியதால் ஸ்ரூடியோவுக்குள்ளயும் அதே எண் குடிவந்தது. பெரிய ஓம் உள்ள ஹெட்போன் என்றால் ஒரே லைனில் பத்துப் பேர் குத்திக் கேட்டாலும் லைன் தளராது. 1937இல் பேர்லினில் ஓயகன் பையரின் நிறுவனம் டீ.ரீ. 48 என்ற டைனமிக் ஹெட்போனைக் கொண்டுவந்தபோதும் அது தொழில்காரருக்குரிய கருவிதான். 2012 வரைக்கும் அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது வேற ஆச்சரியம். சும்மா இருந்து பாட்டுக் கேட்கிற சனத்துக்கான ஸ்ரீரியோ ஹெட்போன் 1958இல்தான், மில்வோக்கியில் ஜோன் கொஸ் செய்தார். அதிலும் அவர் விற்க வந்தது ஒரு கையடக்க கிராமபோன். ஹெட்போன் கூட வந்த சாமான், ஆனால் சனம் கேட்டது அதைத்தான். 1979இல் வோக்மன் வந்து சின்ன 3.5 மில்லிமீற்றர் பிளக்கை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. வோக்மனில் இருந்தது இரண்டு பற்றரி. இரண்டு பற்றரியால் 600 ஓமைத் தள்ள ஏலாது. ஆகவே ஹெட்போன்களின்ர ஓம் இறங்கியது.

இதை வாசித்த பிறகு கடைக்காரர் "ஓம் கூடினா சத்தம் தரம்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஓம் என்பது தரம் இல்லை. அது எந்தச் சுவரில் குத்துவதற்குச் செய்தது என்ற அடையாளம், அவ்வளவுதான்.

இனி ரேப். இந்தப் பகுதியை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கசெற் 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்தது. ஆனால் அதன்ர தாய் 1935 பேர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டப்பட்ட மக்னெட்டோபோன். இயந்திரம் ஏ.ஈ.ஜி. உடையது. பிளாஸ்ரிக்கில் இரும்புத் தூள் பூசிய ரேப், ஐ.ஜி. பார்பன் என்ற இரசாயனக் கூட்டுக்குள் இருந்த பி.ஏ.எஸ்.எஃப். உடையது. 1936 நவம்பரில் லண்டன் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு தோமஸ் பீச்சமின் தலைமையில் லூட்விக்ஸ்ஹாபனில் வாசித்ததை அதில் பதிந்தார்கள். ஆனால் சத்தம் கரகரப்பாக இருந்தது. 1940இல் ஜேர்மன் அரச வானொலியின் பொறியியலாளர் வோல்டர் வெபர், ஒரு அம்ப் பிழைபட்டுத் தானாக அதிர்ந்ததை ஆராயப் போய், காதுக்குக் கேட்காத உயர் அதிர்வு ஒன்றைக் குரலோடு சேர்த்துப் பதிந்தால் கரகரப்பு அடங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். அம்மப்பாவின் கசெற் வரைக்கும் தொடர்ந்தது அந்த முறைதான்.

யுத்த காலத்தில் இங்கிலாந்தில் நிலைகொண்டிருந்த ஜக் முல்லின் என்ற அமெரிக்க இராணுவப் பொறியியலாளர் நடுச்சாமத்தில் ஜேர்மன் வானொலியைக் கேட்டுக் குழம்பினார். வாத்தியக் குழு நேரில் வாசிப்பது போல, ஊசி இரைச்சலே இல்லாமல் கேட்குது. விடிய விடிய ஒரு வாத்தியக் குழுவை எழுப்பி வைத்திருக்கிறார்களா? யுத்தம் முடிந்து பாட் நௌஹைமில் இருந்த வானொலி நிலையத்தில் அந்த இயந்திரத்தை நேரில் கண்டார். இரண்டைக் கழற்றிப் பொதி பொதியாகத் தபாலில் வீட்டுக்கு அனுப்பி, 1946 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் பொறியியலாளர்களுக்குப் போட்டுக் காட்டினார். பாடகர் பிங் க்ரோஸ்பிக்கு நேரடி ஒலிபரப்பில் நிற்க அலுப்பு. 1947இல் முல்லினை வைத்துத் தன்ர நிகழ்ச்சியை முன்கூட்டியே ரேப்பில் பதியத் தொடங்கினார். அம்பெக்ஸ் என்ற சின்னக் கம்பனிக்கு ஐம்பதாயிரம் டொலர் குடுத்தார். 1948இல் அம்பெக்ஸ் 200 வந்தது. மிச்சம் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு.

தெரிந்த வரலாறு என்று சொன்னேன், ஆனால் இணையத்தில் இந்தக் கதையைச் சொல்லுகிறவர்களில் அநேகம் பேர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகினம். தாமதமாக எழும்புகிற பாடகர், தபாலில் போன இயந்திரம். ரேப்பைச் செய்த ஐ.ஜி. பார்பன், அவுஷ்விட்ஸில் கைதிகளை வேலை வாங்கித் தொழிற்சாலை கட்டிய அதே ஐ.ஜி. பார்பன். நடுச்சாமத்தில் வாத்தியக் குழுவைக் கேட்கவைத்தது ஒரு பிரசார வானொலி. என்ர அம்மப்பாவின் குரல் மிஞ்சியிருப்பது அந்த ரேப்பின் வம்சத்தில்தான். இதை வைத்து நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தரத்தைப் பற்றிக் கதைக்கிற இடத்தில் இதையும் சொல்லாமல் போக மனமில்லை.

மைக் ஓட்டைக்கு வருவோம். மூன்று முள்ளு எக்ஸ்.எல்.ஆர்., பக்கத்தில் 48 வோல்ட் என்று ஒரு பொத்தான். ஏன் 48? 1966இல் நொய்மன் நிறுவனம் நோர்வே அரச வானொலிக்கு ஒரு புது ட்ரான்சிஸ்ரர் மைக்கைக் கொண்டுபோனது. மைக் வயராலேயே மின்சாரம் போகவேண்டும் என்று நோர்வேக்காரர் கேட்டார்கள். அவர்களின் ஸ்ரூடியோக்களில் அவசர விளக்குகளுக்காக ஏற்கெனவே 48 வோல்ட் இருந்தது. அதையே எடுத்துக் குடுத்தார்கள். பிறகு அது உலக நியமமாகிவிட்டது. இன்றைக்கு உங்கட மேசைப் பெட்டியில சிவப்பாக எரிகிற அந்தப் பொத்தான், வடக்கே ஏதோ ஒரு ஸ்ரூடியோவில் கரண்ட் போனால் எரியவேண்டிய விளக்கின்ர வோல்ட். கசெற் பதிகிறவருக்கு இந்தப் பொத்தான் தேவையே இல்லை. அம்மம்மாவைக் கதைக்கவைத்துக் கொண்டென்சர் மைக்கில் பதிவதென்றால் மட்டும் தேவை. 'நான்கு மைக், எட்டு மைக்' என்று பெருத்த பெட்டிகளை விட்டு இரண்டு ஓட்டைப் பெட்டிக்கு நான் இறங்கியது இந்த இடத்தில்தான்.

பெட்டிக்குள்ள இருக்கிறது எண்ணாக்குகிற சிப். இதன் கதையை ஓடி முடிக்கிறேன். குரலை எண்களாக அனுப்பலாம் என்று 1937லேயே அலெக் ரீவ்ஸ் யோசித்துவிட்டார், அதுவும் ஒரு டெலிபோன் கம்பனி ஆய்வுகூடத்தில். தொடக்க கால டிஜிற்றல் ஒலியைப் பதிய வீடியோ ரேப் இயந்திரத்தைத்தான் பாவித்தார்கள். ஒரு வரிக்கு மூன்று எண், ஒரு புலத்துக்கு 294 வரி, செக்கனுக்கு 50 புலம்: பெருக்கிப் பாருங்கோ, 44,100. சீ.டீ.யின் அந்தப் புனித எண் அப்படி வந்ததுதான். 1989இல் சிங்கப்பூரின் சிம் வொங் ஹூவின் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்ரரை வெளியிட்டுச் சாதாரணக் கணினிக்குக் குரல் குடுத்தது. 1991இல் புரோ ரூல்ஸ் வந்தபோது நாலு ட்ரக்குக்கு ஆறாயிரம் டொலர் அளவில் விலை. 1996இல் யூ.எஸ்.பி., 1997இல் ஹம்பேர்க்கின் ஸ்ரைன்பேர்க் நிறுவனத்தின் ஆசியோ ட்ரைவர், 2002இல் எம்பொக்ஸ். 1985இல் ரூபேர்ட் நீவ், ஜோர்ஜ் மாட்டினின் ஸ்ரூடியோவுக்கு மேலதிகப் பகுதிகள் செய்வதற்காகத் தொடங்கிய போக்கஸ்ரைட் என்ற பெயர், 2011இல் ஒரு சின்னச் சிவப்புப் பெட்டியில் அச்சாகி மாணவர் அறைகளுக்குள் வந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப்பட்டது விலை இறங்கின விதம். கடற்படை, அரச வானொலி, பாட்டுக் கம்பனி என்று ஒவ்வொரு கதவாகத் தாண்டித்தான் இந்தப் பெட்டி மேசைக்கு வந்திருக்கு. எங்கட ஊரில் எழுபதுகளில் ஒருவரின் குரல் நல்ல மைக்கில் பதியப்பட வேண்டுமென்றால் அவர் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் வாசலைத் தாண்டவேண்டும், அல்லது பாடகராக இருக்கவேண்டும். தோட்டம் செய்த அம்மப்பாவின் குரலைப் பதிய ஒரு ஸ்ரூடியோவும் கதவு திறந்திருக்காது. அவருக்குக் கிடைத்தது கசெற்தான். அதனால் நான் கசெற்றைத் தரம் குறைந்தது என்று சொல்லப் போவதில்லை.

எண்ணாக்குகிற சிப் இப்போது மிக மலிவு. பழைய ஒலிகளைப் பாதுகாக்கிறவர்களின் சர்வதேசச் சங்கம் ஆகக்குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ் 24 பிற், நல்லதென்றால் 96 கிலோஹேர்ட்ஸ் என்று சொல்லுது. இன்று விற்கிற சாதாரண இரண்டு ஓட்டைப் பெட்டியே 96ஐத் தரும். கசெற்றில் இருப்பதை விடப் பெட்டிக்குள் எப்பவுமே இடம் கூட. ஆகவே இதில் கூடக் காசு போடுவது வீண் என்பது என்ர எண்ணம். அந்த விரல் நீள சவுண்ட் கார்டின் பிரச்சினை அது மலிவு என்பதில்லை. அதில் இருந்தது மைக் ஓட்டை மட்டும். பிளேயரில் இருந்து வருகிற பலமான லைன் சிக்னலை அதில் குத்தினால் நெரிபடும். வாங்கும்போது 'லைன்' என்று தனியாக ஒரு உள்ளீடு இருக்கிறதா என்று பார்க்காதது என்ர பிழை.

மிச்சம் ஹெட்போன் அம்ப். இதில்தான் ஆசைகாட்டல் அதிகம். பெட்டியை விட அம்புக்கு மூன்று மடங்கு விலை சொல்லுவார்கள். இந்தச் சந்தையை ஒரு கலக்குக் கலக்கினவர் யாரென்றே தெரியாத ஒருவர். 2011இல் 'என்.டபிள்யூ.அவ்கை' என்ற புனைபெயரில் ஒருவர் அளவுக் கருவிகளோடு எழுதத் தொடங்கினார். விலை கூடிய அம்ப் சிலதை அளந்து, பெரிய விலைக்குப் பெரிய பிழைகள் இருப்பதைக் காட்டினார். 'சரி, நீ ஒன்று செய்து காட்டு' என்று சனம் கேட்டதற்கு ஓ2 என்ற அம்பை வரைந்தார். எங்கும் வாங்கக்கூடிய பாகங்கள், இரண்டு 9 வோல்ட் பற்றரி, மொத்தம் முப்பது டொலர் அளவில் முடியும். வரைபடத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டார். ஒரு சதமும் எடுக்கவில்லை. 2012 நடுப்பகுதியில் எழுதுவதை நிறுத்தினார், அதோட ஆளைக் காணவில்லை. இன்றைக்கும் யாரென்று தெரியாது. அவருக்கு முன்பே 1998இல் சூ மோய் என்பவர் வெளியிட்ட அம்ப் வரைபடத்தை மாணவர்கள் இனிப்பு ரின்னுக்குள் பூட்டிக்கொண்டு திரிந்தார்கள். எங்கட பிஸ்கட் ரின்னைப் பார்க்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும்.

அந்த மனிதர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு கணக்கு: அம்பின் வெளியீட்டுத் தடை, ஹெட்போன் தடையின் எட்டில் ஒன்றுக்குக் கீழே இருக்கவேண்டும். பழைய நியமம் ஒன்று வெளியீட்டுத் தடையாக 120 ஓமைச் சொன்னது. அந்தக் காலத்து 600 ஓம் ஹெட்போனுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, 32 ஓமுக்குப் பிரச்சினை. சத்தத்தின்ர நிறமே மாறிப்போகும்.

மற்றது பலம். நான் கொப்பியில் போட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தருகிற 250 ஓம் ஹெட்போன் ஒன்றில் 110 டெசிபல் உச்சம் வேண்டுமென்றால் 2.5 வோல்ட் தேவை. 106 டெசிபல் தருகிற 63 ஓம் ஹெட்போனுக்கு அதே உச்சத்துக்கு 0.4 வோல்ட் காணும். யூ.எஸ்.பி. வயரால் மட்டும் ஓடுகிற சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வோல்ட்டோட நிற்கும். ஆக, 63 ஓமை எடுத்தால் தனி அம்ப் தேவையே இல்லை. 250 ஓமை எடுத்துவிட்டு, அதைத் தள்ளத் தனி அம்பும் வாங்குவது எனக்கு ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்கிற மாதிரிப்பட்டது.

ஆனாலும் கடைசியில் நான் ஒரு ஹெட்போன் அம்ப் வாங்கினேன். பலத்துக்காக இல்லை. அம்மம்மாவுக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் போட்டால் ஃபான் சத்தத்துக்குள்ள அவவுக்கு ஒன்றும் பிடிபடாது. எனவே ஒரு ஓட்டையால் வருவதை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருகு தருகிற மலிவான அம்ப் ஒன்று. விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. பாவித்த இரண்டு ஓட்டை இன்டர்பேஸ் ஒன்று, மூடின 63 ஓம் ஹெட்போன் ஒன்று, இந்தப் பிரிக்கிற அம்ப். மிச்ச இரண்டு ஹெட்போனும் இரவல்.

அடுத்த லீவுக்கு எல்லாத்தையும் காவிக்கொண்டு வீட்டை போனேன். முதல் செய்த வேலைக்கு இன்டர்பேஸுக்கும் சம்பந்தமில்லை. பிளேயரின்ர ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கு. ரேப்புக்கு ஹெட் சரியான செங்குத்தில் நிற்காவிட்டால் குரலின் மேல் ஓசைகள் செத்துப்போகும். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, சின்ன ஸ்குரூ ட்ரைவரால் தலைமயிர் அளவுக்குத் திருப்பிக்கொண்டே கேட்கவேண்டும். ஒரு இடத்தில் 'ச'வும் 'ஸ'வும் பிரிந்து கேட்டது. போர்வை விலகினது. அம்மப்பா "தம்பி, நாங்கள் இஞ்ச சுகம்" என்றார்.

இரைச்சலும் துலங்கினது. அது ரேப்பின் இரைச்சல் இல்லை. ஒரு கிறுகிறுப்பு, சீரான தாளத்தில். அது தளர்ந்து தளர்ந்து இறங்கும். நன்றாக இறங்கின பிறகுதான் அம்மப்பாவின் குரல் மெலியும். பிறகு சடாரென்று கிறுகிறுப்பு ஏறும், குரல் திரும்பத் தடிக்கும்.

அந்த வருசங்களில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சனம் சைக்கிளைக் கவிழ்த்தோ ஸ்ராண்டில் விட்டோ டைனமோவில் ரேடியோ கேட்டது எல்லாருக்கும் தெரியும். ரேப்பும் அதில்தான் பதிந்திருக்கு. மிதிக்கிறவர் களைத்தால் மோட்டர் மெதுவாகும், ரேப் மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிந்ததை வழமையான வேகத்தில் போட்டால் குரல் வேகமாகி மெலியும். சாமானில் பிழை இருக்கவில்லை. முப்பது வருசத்துக்கு முன்னம் யாரோ ஒருவருக்குக் கால் நொந்திருக்கு.

மூன்று ஹெட்போனையும் குத்தி, அம்மம்மாவின் திருகை முழுக்கத் திறந்து, ஆர் மிதிச்சது என்று கேட்டேன்.

"உன்ர அம்மாதான். வேற ஆர் இருந்தது?"

அம்மாவுக்கு அப்ப பன்னிரண்டு வயசு. "கால் நோகுது எண்டு சொன்னா, இன்னும் ஒரு வசனம் பிள்ளை, இன்னும் ஒரு வசனம் எண்டுவார்," என்றா. ஹெட்போன் போட்டிருந்ததால் அம்மா சத்தமாகச் சொன்னா, தனக்குத் தெரியாமலே.

வேகத்தை நிமிர்த்துவது கடினமில்லை. மென்பொருளில் ஒரு பின்னேர வேலை. ஒன்றை அப்படியே 96 கிலோஹேர்ட்ஸில் தொடாமல் வைத்தேன். இன்னொன்றை நிமிர்த்தி மாமாவுக்கு அனுப்பினேன். மாமா இரண்டையும் அனுப்பச் சொல்லி மெசேஜ் போட்டார்.

"மற்றப் பக்கத்தில ஒண்டும் இல்லையோ?" என்று அம்மம்மா கேட்டா. திருப்பிப் போட்டோம். சினிமாப் பாட்டு.